கத்தரிக்கோல் இல்லாத வாசிப்பு

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் 31 இரவு ஆளுக்கொரு அட்டை கிடைக்கும். நள்ளிரவு ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கோயில்பிள்ளை ஒரு தட்டை நீட்டுவார். சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு, "ஒனக்கு என்ன வசனம் வந்துது?" பிறகு அந்த அட்டை பர்ஸிலோ ஃபிரிட்ஜ் கதவிலோ அடுத்த டிசம்பர் வரை இருக்கும்.

அந்தத் தட்டில் எரேமியா 29:11 கட்டாயம் இருக்கும். உன் எதிர்காலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கடவுள் தைரியம் சொல்லும் வசனம். பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று யாருக்கு வந்தாலும் பொருந்தும். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அது எழுபது வருஷக் கணக்கு. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டுமென்று ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். எழுபது வருஷம் கழித்துத்தான் விடிவு. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்குள் செத்துப்போயிருப்பார்கள். நல்ல எதிர்காலம் என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? அட்டையில் வாசிக்கும்போது இந்தக் கேள்வியே வராது. 28ஆம் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசித்து வந்தால் வராமல் இருக்காது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி, கிறிஸ்தவன் இல்லை, ஒருநாள் கேட்டான். "அண்ணே, டெய்லி பைபிள் வாசிக்கிறீங்களே, அதுல என்ன கெடைக்குது? மனசு அமைதியா இருக்குமா?" அமைதிக்குத்தான் வாசிக்கிறேன் என்றால் அதைவிட எளிதான வழிகள் நிறைய இருக்கின்றன. பாதி நாள் அது அமைதியைக் கெடுக்கிறது. அப்படியென்றால் தினமும் வாசிப்பதால் என்னதான் பிரயோஜனம்? இதை நான் ஒரு பிரசங்கமாகச் சொல்ல வரவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆளும் இல்லை நான். எட்டு வருஷமாகத் தினமும் வாசிக்கிறவன் என்ற அளவில், அந்தக் கேள்விக்கு யோசித்துப் பார்த்த பதில் இது.

*

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இருந்த கறுப்பின அடிமைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக. தலைப்பிலேயே நேர்மையாகப் போட்டிருந்தார்கள்: வேதாகமத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள். புராட்டஸ்டண்ட் பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இதில் 232 மட்டுமே இருந்தன. எகிப்தில் அடிமையாக விற்கப்பட்டும் எஜமானுக்கு உண்மையாக உழைத்த யோசேப்பின் கதை இருந்தது. அதே எகிப்திலிருந்து அடிமைகளை மோசே கூட்டிக்கொண்டு வெளியேறிய கதை இல்லை. வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எழுதியது இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுதந்திரன் என்றும் வித்தியாசம் கிடையாது என்று அதே பவுல் கலாத்தியருக்கு எழுதியது இல்லை.

இதைச் செய்தவர்கள் நாத்திகர்கள் இல்லை. ஆத்துமாக்களை இரட்சிக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர்கள். தோட்ட முதலாளிகளுக்குப் பயந்து, எதை வெட்ட வேண்டுமோ அதைத் துல்லியமாக வெட்டினார்கள். ஒரு புத்தகத்தில் எந்தப் பகுதிக்கு அதிகாரம் பயப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1820இல், அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் கத்தியால் நான்கு சுவிசேஷங்களையும் வெட்டி, தனக்குப் பிடித்ததை மட்டும் ஒட்டி ஒரு புத்தகம் செய்துகொண்டார். அற்புதங்கள் போயின, உயிர்த்தெழுதல் போயிற்று. நல்ல உபதேசங்கள் மட்டும் மிஞ்சின. பகுத்தறிவின்படி செய்த வேலை அது. கடைசிவரை அடிமைகளை வைத்திருந்தவர் அவர். உபதேசங்களை வெட்டாமல் வைத்துக்கொள்வதால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது என்பதும் இதில் தெரிகிறது.

நம்முடைய வாக்குத்தத்த அட்டைகளை 1807ஆம் வருஷப் பைபிளோடு ஒப்பிடுவது அநியாயம்தான். அதில் யாரையும் ஒடுக்கும் எண்ணம் கிடையாது. ஆனாலும் கையில் இருப்பது அதே கத்தரிக்கோல். இன்று காலை வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படத்தோடு வருகிற வசனமும் அப்படித்தான். யாரோ ஒருவர் நமக்காக வெட்டியிருக்கிறார். நம் மனசு நோகாதபடி வெட்டியிருக்கிறார்.

*

எங்கள் ஆச்சிக்கு ஒரு கணக்கு உண்டு. "நாளைக்கு மூணு, ஞாயித்துக்கெழம அஞ்சு." திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. வாரத்துக்கு 23. ஐம்பத்திரண்டு வாரத்தில் 1,196. ஆக, ஒரு வருஷத்தில் ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் முடித்து, ஏழு அதிகாரம் மிச்சம் வைக்கலாம். காய்ச்சல் வந்தால் அந்த மிச்சம் உதவும் என்பார். நெல்லைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இந்தக் கணக்கு உண்டு. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நாளுக்குக் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம், நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. இன்று என்ன வாசிக்க வேண்டும் என்று நேற்று நிறுத்திய இடம் சொல்கிறது. மனசு உடைந்திருக்கும் நாளில் குஷ்டரோகச் சட்டம் வரும். சம்பளம் ஏறிய நாளில் ஆமோஸ் வருவார், ஏழையைச் செருப்பு விலைக்கு விற்கிறவர்களைத் திட்டிக்கொண்டு. சும்மா இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையில் நியாயாதிபதிகள் 19 வரும். ஒரு பெண்ணை இரவெல்லாம் ஒரு கும்பல் சிதைத்து விட்டுவிட, அவள் வாசலில் வந்து விழுந்து கிடக்கும் கதை. அதை எந்த ஞாயிறு பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

அப்புறம் சலிப்பு. எண்ணாகமம் 26 முழுக்க ஜனத்தொகைக் கணக்கு. இந்தக் கோத்திரத்தில் இத்தனை பேர், அந்தக் கோத்திரத்தில் இத்தனை பேர். கண் வரிகளின் மேல் ஓடும், ஒன்றும் ஏறாது. அப்படியே 27க்கு வந்தால் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். செலொப்பியாத் என்பவருடைய மகள்கள். அப்பா ஆண் வாரிசு இல்லாமல் செத்துவிட்டார். நிலத்தை ஆண்களுக்குத்தான் பங்கு போடுகிறார்கள். ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியருக்கும் மொத்தச் சபைக்கும் முன்னால் வந்து, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை. கடவுளிடம் கேட்கிறார். அவர்கள் கேட்பது நியாயம் என்று கடவுள் சொல்கிறார். சட்டம் மாறுகிறது. முந்தின நாள் வாசித்த அந்தச் சலிப்பூட்டும் கணக்கெடுப்பு எதற்கு என்று அப்போதுதான் புரியும். அது நிலம் பங்கு போடுவதற்கான பட்டியல். அந்தப் பட்டியலுக்குள்ளேயே இந்த ஐந்து பேரின் பெயரும் இருந்தது. சலிப்பில் நாம் தாண்டிப்போயிருப்போம்.

இந்த இடத்தில் என் மனசு எப்போதும் கேரளாவுக்குப் போகும். திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் ஜெயித்தார். சிரியன் கிறிஸ்தவர்கள் தங்கள் மரபை அப்போஸ்தலர் தோமாவரைக்கும் கொண்டுபோகிறவர்கள். அவர்கள் வேதத்தில் எண்ணாகமம் 27 இல்லாமல் இல்லை. எழுபது வருஷம் அந்தச் சட்டமும் இருந்தது, அந்த அதிகாரமும் அருகிலேயே இருந்தது.

*

வரிசையாக வாசிக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற இன்னொன்று இருக்கிறது. அந்தப் புத்தகம் தனக்குள்ளேயே போடும் சண்டை.

ஆச்சி கணக்கில் பிப்ரவரி தொடக்கத்தில் லேவியராகமம் 19 வரும். வயலை அறுக்கும்போது ஓரம்வரை வழித்து அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் என்று ஒரு சட்டம். பிப்ரவரிக் கடைசியில் உபாகமம் 23. மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை சபைக்குள் வரக் கூடாது என்று இன்னொரு சட்டம். அந்நியனுக்குக் கதிரை விட்டுவை, ஆனால் அந்த அந்நியன் மோவாபியன் என்றால் உள்ளே விடாதே. மார்ச் நடுவில் ரூத் வரும். ரூத் யார்? மோவாபியப் பெண். புருஷன் செத்த பிறகு மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, அந்த லேவியராகமச் சட்டத்தின் தயவில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். வயல்காரர் போவாஸ் அவளைக் கட்டிக்கொள்கிறார். அவர்களுடைய மகனுக்குப் பேரன் தாவீது ராஜா. பத்துத் தலைமுறை உள்ளே விடாதே என்று சொன்ன அதே புத்தகம், கொஞ்ச நாள் கழித்து, நம் பெரிய ராஜாவே ஒரு மோவாபியப் பெண்ணின் கொள்ளுப்பேரன்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. மன்னிப்பும் கேட்பதில்லை, விளக்கமும் தருவதில்லை. பிறகு நெகேமியா 13இல் அந்த உபாகமச் சட்டத்தை எடுத்து வாசித்து அந்நியரைப் பிரித்து அனுப்புகிறார்கள். சண்டை முடியவில்லை.

யோனாவும் நாகூமும் அப்படித்தான். இரண்டுமே நினிவே பற்றியவை, சின்னப் புத்தகங்கள். இரண்டுக்கும் நடுவில் மீகா மட்டும். யோனாவில் கடவுள் எதிரி நாட்டுத் தலைநகரத்துக்கு இரங்குகிறார், இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள், போதாக்குறைக்கு அவ்வளவு மாடுகள், நான் பரிதாபப்படக் கூடாதா என்று கேட்கிறார். நாகூமில் அதே ஊர் அழிவதைப் பார்த்து எல்லாரும் கைதட்டுகிறார்கள். இரண்டு புத்தகமும் கேள்வியில் முடிகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட யாரோ எப்போதோ முயன்றிருக்கலாம். நடக்கவில்லை. மூன்று நான்கு நாள் இடைவெளியில் இரண்டையும் வாசிக்கும்போது, இரக்கம், பழி இரண்டில் எந்தப் பக்கம் நம் மனசு சாய்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். எனக்குச் சில வருஷம் யோனா பிடிக்கும். சில வருஷம் நாகூம் பிடித்துத் தொலைக்கிறது.

அமலேக்கியரைக் குழந்தைகள் உட்படக் கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15ஐ என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்பார்கள். அதை நியாயப்படுத்த என்னிடம் வழி இல்லை, தேடவும் இல்லை. அதை வெட்டிவிட்டு, நம் மதம் அன்பின் மதம் என்று சொல்வதைவிட, வருஷத்துக்கு ஒருமுறை அதை முழுசாக வாசித்து வயிறு கலங்குவது மேல் என்று நினைக்கிறேன். கடவுள் பேரால் மனிதர்கள் என்ன செய்ய முடியும் என்பது அதில் இருக்கிறது.

*

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தினமும் வாசித்தவர்கள் எல்லாம் நல்லவர்களாக ஆனார்களா?

ஃபிரெட்ரிக் டக்ளஸ் தன் வாழ்க்கையை 1845இல் எழுதினார். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, அமெரிக்காவின் பெரிய பேச்சாளர்களில் ஒருவரானவர். அவருடைய எஜமானர்களில் ஒருவர் தாமஸ் ஆல்ட், மேரிலாண்டில். 1832 ஆகஸ்டில் ஒரு மெத்தடிஸ்ட் கூட்டத்தில் மனம் திரும்பினார். இனி அடிமைகளை விடுதலை செய்வார், இல்லாவிட்டாலும் கொஞ்சம் இரக்கம் காட்டுவார் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஜெபிக்கிறவராக ஆல்ட் மாறினார். கொடூரம் கூடியது. கால் ஊனமான ஒரு இளம்பெண்ணைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பார், அடிக்கும்போது வேதவசனம் சொல்வார். லூக்கா 12:47. எஜமானின் சித்தம் தெரிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு நிறைய அடி விழும் என்ற வசனம்.

இதை வாசித்த அன்றைக்கு லூக்கா 12ஐ எடுத்துப் பார்த்தேன். 47க்கு இரண்டு வசனம் மேலே, 45இல், வேறொரு வேலைக்காரன் இருக்கிறான். எஜமான் வரத் தாமதமாகும் என்று நினைத்துக்கொண்டு, தனக்குக் கீழே இருக்கும் வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடிக்கத் தொடங்குகிறவன். 46இல் எஜமான் திடீரென்று வந்து அவனைத் துண்டாக வெட்டிப்போடுகிறார். 48இல், யாருக்கு அதிகம் கொடுக்கப்பட்டதோ அவனிடம் அதிகம் கேட்கப்படும் என்று முடிகிறது. ஆல்ட் கையில் சாட்டையோடு சொன்ன வசனத்துக்கு மேலேயும் கீழேயும் ஆல்ட்தான் இருக்கிறார். நடுவில் இருந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்.

நம் ஊருக்கு வந்தால் இன்னும் சங்கடம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் அளவுக்கு வேதத்தில் ஊறின தமிழர் அந்தக் காலத்தில் வேறு யார் என்று தெரியவில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்காரக் கூடாது, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க வேண்டும் என்றபோது, அதை எதிர்த்து எழுதினவர்களில் முக்கியமானவர் அவர்தான். அவரிடம் கத்தரிக்கோல் இல்லை. முழுப் புத்தகமும் அவர் மனசில் இருந்தது. ஆனாலும் அப்படித்தான். ஆக, வெட்டாமல் வாசித்தால் போதும் என்பதும் பொய்.

இந்த இடத்தில் உபாகமம் 17ஐச் சொல்ல வேண்டும். தினமும் வேதம் வாசிக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்திலேயே ஒரு தனி மனிதனுக்கு மிகத் தெளிவாக விதித்திருக்கும் இடம் அது. விதிக்கப்பட்டவர் துக்கத்தில் இருக்கிறவரும் இல்லை, சாமியாரும் இல்லை. ராஜா. குதிரைகளைச் சேர்க்காதே, மனைவிகளைச் சேர்க்காதே, பொன்னும் வெள்ளியும் மிஞ்சிச் சேர்க்காதே என்று சொல்லிவிட்டு, சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நீயே உன் கையால் இந்தச் சட்டத்தை ஒரு பிரதி எழுது, உயிரோடு இருக்கும் நாளெல்லாம் வாசி என்கிறது. காரணங்களில் ஒன்றாகச் சொல்வது, அவன் மனசு தன் சகோதரர்களுக்கு மேலே ஏறிவிடக் கூடாது என்பது. ஏப்ரல் தொடக்கத்தில் சாலொமோன் வருவார். குதிரை, பொன், எழுநூறு மனைவிகள், முந்நூறு மறுமனையாட்டிகள். தடுத்தது அத்தனையும். வேதத்தில் ஞானி என்றால் அவர்தான்.

அப்படியென்றால் வாசிப்பு ராஜாவைத் தடுக்கவில்லை. ஆனால் ராஜா மேல் ஒரு வழக்கை அது எழுதி வைத்துவிட்டது. அது அவர் வீட்டிலேயே, அவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

*

எங்கள் வீட்டில் புறவாசலில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு. அவருக்கு மட்டும். நான் சிறு பையனாக இருந்தபோது நடந்தது இது. பெரும்பகுதியும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆச்சியின் கணக்கில் யாக்கோபு நிருபம் டிசம்பர் நடுவில் வரும். கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவு இடிக்கிற நேரம். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்த வாசனை வீடெல்லாம் இருக்கும். வேலை ஜாஸ்தி என்பதால் அந்த அக்கா காலையிலேயே வந்துவிடுவார். ஆச்சி குடும்ப ஜெபத்தில் வேதத்தைச் சத்தமாக வாசிப்பார். அன்று யாக்கோபு 2. பொன் மோதிரம் போட்ட ஒருவனும் கந்தை கட்டின ஒருவனும் சபைக்குள் வந்தால், மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிறீர்களே என்று கேட்கிற பகுதி. ஆச்சி நாற்பது டிசம்பராவது அதை வாசித்திருப்பார்.

அத்தை அப்போது காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதுசு. "யம்மா, அப்ப பொறவாசல்ல கவுத்தி வச்சிருக்க டம்ளரு?" என்று கேட்டுவிட்டார்.

ஆச்சி, "வாசிக்க விடுட்டி" என்றார். அதிகாரத்தை முடித்தார். ஜெபம் பண்ணினார். அன்றைக்கு யாரோடும் பேசவில்லையாம். மறுநாள் காலையில் யாக்கோபு 3, 4, 5 வாசிக்க வேண்டும். ஆச்சி மறுபடியும் 2ஐயே எடுத்தார். "நேத்து சரியா வாசிக்கல" என்று மட்டும் சொன்னார். கணக்கு தவறிய நாள் அத்தைக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

டம்ளர் அந்தக் கிறிஸ்மஸுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் பார்த்தால் இல்லை. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த அக்கா அடுக்களை டம்ளரில் காப்பி குடித்தார். அதற்கப்புறமும் புறவாசல் வழியாகத்தான் வந்தார், போனார். ஆச்சி செத்து, அந்த வேதப்புத்தகம் அத்தையிடம் இருக்கிறது.

இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். டம்ளர் போனதற்குக் காரணம் வசனமா, அத்தையா? வசனம் மட்டும் என்றால் நாற்பது வருஷம் ஏன் போகவில்லை? அத்தை மட்டும் என்றால், ஆச்சியிடம் எதிர்த்துப் பேசி எதுவும் ஜெயித்ததாக எங்கள் குடும்பத்தில் சரித்திரமே இல்லை. வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் அது வாய்த்துடுக்கு. அன்றைக்கு அது ஆச்சி தன் வாயாலேயே வாசித்து முடித்திருந்த ஒரு கேள்வி. நாற்பது வருஷம் தினமும் வாசித்து ஆச்சி தன்னையறியாமல் ஒரு சாட்சியை வீட்டுக்குள் வளர்த்துவைத்திருந்தார். அதை எழுந்து பேசச் சொல்ல இன்னொரு ஆள் தேவைப்பட்டார்.

அந்த இன்னொரு ஆள் அத்தையாக இருந்தது போதாது என்றும் தோன்றுகிறது. அந்த அறையில் கேள்வி கேட்க முதல் உரிமை உள்ளவர் புறவாசலில் மாவு இடித்துக்கொண்டிருந்தார். டக்ளஸ் எழுதியிருக்கும் இன்னொரு சம்பவம் இதோடு சேர்ந்து நினைவுக்கு வரும். அடிமைகளுக்குப் புதிய ஏற்பாட்டை வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஓய்வுநாள் பள்ளி தொடங்கினார்கள். மூன்று முறைதான் கூட முடிந்தது. சபையில் பொறுப்பில் இருந்தவர்களே கம்போடு வந்து அடித்து விரட்டினார்கள். பைபிளைக் கண்டு அவர்களுக்குப் பயம் இல்லை, அவர்கள் வீட்டிலேயே இருந்ததுதான். அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதில்தான் பயம்.

*

ஸ்காட்லாந்தில் ராபர்ட் மர்ரே மெக்ஷேன் என்ற இளம் குருவானவர் இருந்தார். 1842 டிசம்பர் கடைசியில் தன் சபையாருக்கு ஒரு வருஷ வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். உலகம் முழுக்க இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். மூன்று மாதத்தில், 29 வயதில், அவர் இறந்துவிட்டார். அந்த அட்டவணையில் எனக்குப் பிடித்தது, பிரயோஜனங்களைச் சொல்வதற்கு முன்னால் அதன் ஆபத்துகளைச் சொல்லியிருப்பது. வெறும் சடங்காகிவிடும், வாசித்து முடித்துவிட்டோம் என்ற பெருமை வரும், கவனமில்லாமல் ஓட்டிவிடத் தோன்றும், சிலருக்குச் சுமையாகிவிடும் என்று எழுதினார். எல்லாமே எனக்கு நடந்துகொண்டிருக்கிறது. குறிப்பாக அந்தப் பெருமை. எத்தனையாவது முறை என்று எண்ணும் பழக்கம் ராஜாவின் பழக்கம்தான்.

அந்தத் தம்பிக்குச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தினமும் வாசிப்பது உன்னை நல்லவனாக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது, எதிர்ச் சாட்சிகள் ஏராளம். ஆனால் உனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் புத்தகங்களுக்கும் திரைகளுக்கும் நடுவில், நீ தேர்ந்தெடுக்காத ஒன்று தினமும் கால் மணி நேரம் உன்னோடு பேசுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது குறளாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம். நான் பைபிளை வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதில் பிறந்தேன் என்பது. இன்னொரு காரணம், தன் ராஜாக்களையே இவ்வளவு கேவலமாக எழுதிவைத்துக்கொண்டு, அதைப் புனிதம் என்று சொல்லும் தைரியம்.

நாம் எல்லாருமே ஏதோ ஒரு அறையில் ராஜாதான். அலுவலகத்தில், வீட்டில், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும்போது, டெலிவரிப் பையன் தாமதமாக வந்து நிற்கும்போது. "அப்ப எனக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்ணே?" என்று தம்பி கேட்டான். முதல் பக்கத்திலிருந்து என்றேன். முடிந்தால் சத்தமாக வாசி. முடிந்தால் உன்னைக் கேள்வி கேட்கும் தைரியமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வாசி. ஏதாவது ஒரு வசனம் ரொம்பப் பிடித்துப்போய், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், யாருக்காவது அனுப்பலாம் என்று தோன்றினால், அதற்கு மேலே இரண்டும் கீழே இரண்டும் வாசித்துவிட்டு அனுப்பு.